ஆற்றுவாழையும் யப்பானும்

வெள்ளவத்தைக் கால்வாயிலும் கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலும் ஊதாப் பூவுடன் மிதக்கும் ஆற்றுவாழையைச் சிங்கள மக்கள் ‘ஜபன் ஜபர’ என வழங்குவர். பெயரைக் கேட்போர் அது யப்பானிலிருந்து வந்த செடியென்றே கொள்வர். இரண்டாம் உலகப் போரின்போது யப்பானிய விமானங்கள் நீர்நிலையைப் புல்வெளியென மயங்கி இறங்கட்டும் என்று பிரித்தானியர் இச்செடியை இட்டு வளர்த்தனர் என்றொரு கதையும் உண்டு. செவிவழிக் கதையாக நின்றிருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வரலாறாகவே அது எடுத்துக் கூறப்படுவதனால் ஆராய வேண்டியுள்ளது.

ஆண்டுக் கணக்கே இக்கதையை மறுத்துவிடும். யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரில் 5ஆந் திகதி. ஆற்றுவாழையோ இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே அலங்காரச் செடியாக இங்கு வந்துவிட்டது. அதனை ஒழிப்பதற்கென 1909இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டத்தாற் பகையென அறிவித்த செடியை முப்பதாண்டுகளின் பின்னர் அதே அரசு புதிதாகக் கொணர்ந்திருக்க முடியாது. அதன் தாயகமும் யப்பானன்று, தென்னமெரிக்கா. மார்ட்டியசு என்னும் ஜேர்மானியத் தாவரவியலாளர் பிரேசிலிற் கண்ட அச்செடியை 1823இல் நூலில் விவரித்தார். யப்பானுக்கும் அது மெய்ஜி காலத்தில் (1868–1912) அழகுக்காகவே சென்றது. இவ்வகையில் யப்பானும் நம்மைப் போல் ஏமாந்த நாடே.

யப்பானியர் அதற்கு இட்ட பெயர் ‘ஹொத்தே அவோய்’. ஹொத்தே என்பவர் அந்நாட்டார் வணங்கும் நற்பேற்றுத் தெய்வங்கள் எழுவருள் ஒருவர். பருத்த வயிற்றுடன் சிரித்த முகத்தினர். காற்றடைத்து உப்பிய இலைக்காம்பிலே அவர்கள் அவ்வயிற்றைக் கண்டனர். சீனர் அதே காம்பைச் சுரைக்காயாகக் கண்டு ‘ஷுய் ஹுலு’, அதாவது நீர்ச்சுரை, என்றனர். தமிழகத்தார் கண்டது வெங்காயம், எனவே வெங்காயத்தாமரை. சீனரிடத்துப் பூவை நோக்கி எழுந்த பெயர் ஒன்றும் உண்டு. மேலிதழின் மஞ்சட் புள்ளியைக் கண்ணாக உருவகித்து ‘ஃபெங்யென் லியென்’, ‘ஃபெங்’ என்னும் புராணப் பறவையின் கண்ணுடைய தாமரை, என்பர். எம்முடைய ஆற்றுவாழை அவ்வளவு அழகிய பெயரன்று. எனினும் தரைச் செடியின் பெயரொன்றை நீருக்கு இறக்கும் அம்முறை பழமையானது. ஆற்றுவாழையின் குடும்பத்தைச் சேர்ந்த உள்நாட்டுச் செடியொன்றைச் சிங்களவர் ‘தியஹபரல’ என்பர். தரையில் வளரும் ஹபரலவுக்கு முன்னே நீரைக் குறிக்கும் ‘திய’ சேர்ந்தது. அதே இனச் செடிக்கு யப்பானியர் வைத்தது ‘மிஸு அவோய்’. ‘மிஸு’ என்றாலும் நீர்தான். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு உழவர் ஒரே வழியிற் பெயரிட்டிருக்கின்றனர்.

இப்பெயர்களெல்லாம் செடியைப் பார்த்து இடப்பட்டவை. ‘ஜபன் ஜபர’ என்பது செடியைப் பாராமல் அயலானை நோக்கி விரல் நீட்டும் பெயர். வங்காளத்தில் முதலாம் உலகப் போர்க் காலத்தில் இதே செடி ‘ஜேர்மன் பானா’ ஆயிற்று. பகைவர் எவரோ அவர் பெயரே செடிக்கும். அமெரிக்காவிலோ, 1884இல் நியூ ஓர்லியன்சுக் கண்காட்சிக்கு வந்த யப்பானியரே இதனைப் பரிசாக வழங்கிப் பரப்பினர் எனக் கதை கூறுவர். கடல்கள் கடந்தும் பழி ஒரே வீட்டு வாசலில் இறக்கப்பட்டிருப்பது வேடிக்கையே. தாவரப் பெயரைக் கொண்டு தாயகம் துணியும் நம் கலைச்சொல்லாளரும் ஊர்ப்பெயராய்வாளரும், அப்பெயர் செடியைப் பற்றியதா, பெயரிட்டவரின் அச்சத்தைப் பற்றியதா என முதலிற் பிரித்தறிதல் வேண்டும்.

போர்க் காலத்தில் உண்மையாகவே ஒரு நீர்க்களை கொழும்பிலிருந்து பரவியது. அது சல்வீனியா. 1939இற் கல்வித் தேவைக்காகக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற்றுறைக்குக் கொண்டுவரப்பட்ட அச்செடி, வெளியே தப்பிச் சில ஆண்டுகளுள் வயல்களையும் கால்வாய்களையும் மூடிற்று. அதனை எவரும் ‘கல்லூரிப்பாசி’ என அழைக்கவில்லை. அதன் பெயரில் ஒரு பேராசிரியர் இருப்பது மெய்தான், ஆனால் அவர் 1729இல் மறைந்த புளோரன்சு நகரத்துச் சல்வீனி, கற்பித்தது கிரேக்கம்.