கையுறை: தகடூரிலிருந்து மதீனா வரை

பெருநாள் விருந்துக்கு அழைப்பு வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “என்ன கொண்டு போவது?” என்பதுதான். வெறுங்கையோடு செல்ல மனம் இடந்தருவதில்லை. ‘மற்றவர்கள் அவ்வளவு கொண்டுவருவார்கள், நாம் இதைக் கொண்டு போனால் என்ன நினைப்பார்கள்?’ என்ற தயக்கத்தால் உறவினர் வீட்டு விருந்தையே தவிர்த்துவிடும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அன்பை வளர்க்க வந்த வழக்கம் உறவைத் தடுக்கும் சுவராகலாமா? விடை காண வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பெரியோரையும் வேந்தரையும் காணச் செல்வோர் கொண்டு செல்லும் பொருளைப் பண்டைத் தமிழர் ‘கையுறை’ என்றனர். இன்று அச்சொல் கையில் அணியும் உறையைக் குறிக்கிறது. அதன் பழம்பொருள் மறைந்தாலும் வழக்கம் மறையவில்லை.

சேர்வராயன் மலையை அண்டிய பொம்மிடி, தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. இம்மாவட்டத்தின் தலைநகரான தருமபுரியே சங்ககாலத் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்தான். அதன் பயனைச் சொல்லிக் கொடுக்காமல், தன் நெஞ்சுக்குள் மறைத்துக்கொண்டு அவன் கொடுத்ததையே ஔவையார் புறநானூற்றில் வியந்து பாடுகிறார். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இவ்வரசனின் கொடையைத்தான் கூறுகிறது. அது பொன்னன்று, துறவியர் தங்குவதற்கான குகை உறைவிடம். புலவருக்குக் கனி, துறவியருக்கு நிழல். பெறுபவர் யார் என்று பார்த்தே அவன் கொடுத்திருக்கிறான்.

அதே பண்பு இன்னும் தெளிவாக மதீனாவில் விளங்கிற்று. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் செய்து வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். அவ்வீட்டுக்கு முதலில் வந்த அன்பளிப்பு ஒரு கிண்ணம் ஸரீத். ரொட்டியைப் பிய்த்து, பாலும் நெய்யும் சேர்த்துச் செய்த எளிய உணவு அது. கொண்டுவந்தவர் சிறுவரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி). அனுப்பியவர் அவருடைய தாயார். நபியவர்கள் பரக்கத்துக்காக துஆ செய்து, தோழர்களையும் அழைத்து உடன் உண்டார்கள். விருந்தினரால் நிறைந்திருந்த அவ்வீட்டுக்கு அந்நேரம் வேண்டியிருந்தது உணவு. அதை ஒரு தாய் உணர்ந்திருந்தார்.

பாலைநிலவாசியான ஸாஹிர் (ரலி) அவர்களின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அவர் மதீனாவுக்கு வரும்போதெல்லாம் தம் நிலத்தில் கிடைப்பவற்றை நபியவர்களுக்குக் கொண்டுவருவார். அவர் திரும்பும்போது நகரத்தில் கிடைக்கும் பொருள்களை நபியவர்கள் கொடுத்தனுப்புவார்கள். ஸாஹிர் நமது பாலைநிலம், நாம் அவருடைய நகரம் என்ற கருத்தில் அவர்கள் மகிழ்ந்து கூறியதும் பதிவாகியுள்ளது. தம்மிடம் இல்லாததைத் தேடி ஸாஹிர் கடன்படவில்லை. தம்மிடம் உள்ளதைக் கொடுக்க வெட்கப்படவும் இல்லை.

பெறுபவருக்கும் ஒரு பண்பு உண்டு. அபூ ஜஹ்ம் (ரலி) அவர்கள் வேலைப்பாடுடைய மேலாடை ஒன்றை அன்பளித்தார்கள். தொழுகையில் அதன் கோலங்கள் கவனத்தை ஈர்த்ததால், நபியவர்கள் அதைத் திருப்பியனுப்பி, அவரிடமிருந்த வேலைப்பாடற்ற ஆடையைக் கேட்டுப் பெற்றார்கள். கொடுத்தவர் மனம் வருந்தலாகாது என்பதற்காகவே மற்றொன்றைக் கேட்டார்கள் என்று அறிஞர்கள் விளக்குகின்றனர். அழகிய பொருளெல்லாம் எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பொருந்தாததையும் மனம் நோகாமல் மறுக்கலாம் என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

இவற்றை மனத்தில் கொண்டால் நம் கேள்வி எளிதாகிவிடும். சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ ரயிலேறிப் பொம்மிடிக்கு விருந்துண்ண வருபவர் ஸாஹிரைப் போலத் தம் ஊரில் கிடைப்பதைக் கொண்டுவரலாம். இங்கிருந்து செல்பவருக்கு மாவட்டத்தின் மாம்பழமும் புளியும் கேழ்வரகும் போதும். அண்மை ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மாம்பழக் காலத்தையொட்டியே வருகிறது. விருந்தளிக்கும் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இனிப்புப் பெட்டியைத் தவிர்ப்பதே அன்பு. அதிகாலை முதல் அடுப்படியில் நிற்கும் அவ்வீட்டுப் பெண்மணிக்கு, மறுநாள் காலை உணவைச் சமைத்தனுப்பினால் அதைவிடப் பெரிய அன்பளிப்பு ஏது? விருந்தளிப்பவரும், வந்த பொருளை எல்லோர் முன்னிலையிலும் பிரித்து ஒப்பிடாதிருப்பது நலம்.

ஒன்றும் வாங்க இயலாதவர் துஆவுடன் செல்லட்டும்; விருந்தளித்தவருக்காக துஆ செய்வதும் நபிவழியே. கையில் பொருளில்லை என்பதற்காக எவரும் உறவின் வாசலை மிதிக்காமல் இருந்துவிடக் கூடாது. கொடுப்பவருக்குச் சுமையாகாத, பெறுபவருக்குப் பயனாகும் அன்பளிப்புகளால் நம் உள்ளங்களை வல்ல அல்லாஹ் இணைத்து வைப்பானாக! ஆமீன்.