பிளாக்பஸ்டர்னா நல்ல படமா? '3' படம் சொல்லும் மூணு பதில்

வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு முதல் காட்சி தொடங்குகிறது. இன்டர்வெல் பாப்கார்னை நீங்கள் வாங்கி முடிப்பதற்குள், 'மெகா பிளாக்பஸ்டர்' என்று தயாரிப்பு நிறுவனத்தின் போஸ்டர் உங்கள் போனில் வந்து நிற்கும். ஹீரோ இன்னும் வில்லனை அடித்தே முடிக்கலை பாஸ், அதுக்குள்ள எப்படி?

அந்த போஸ்டரை நம்பி சனிக்கிழமை டிக்கெட் போடுபவர் நீங்கள்தான். டிக்கெட், ஆன்லைன் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஒரு ஜோடிக்கு ஒரு நாள் சம்பளம் போகலாம். அதனால் ஒரு படம் ஓடியது என்று சொல்லும்போது அது ஏன் ஓடியது என்று தெரிந்துகொள்வது உங்கள் பர்ஸுக்கு நல்லது. படம் நல்லா இருந்ததாலா, பில்டப் பண்ணியதாலா, பழைய ஞாபகத்தாலா? இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு கோடி என்று பார்ப்பதைவிட, அந்தக் கோடி எப்போது வந்தது என்று பார்த்தால் போதும்.

ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் தனுஷ், ஸ்ருதிஹாசன் நடித்த '3' இதற்கு நல்ல உதாரணம். 2011 நவம்பரில் அந்தப் படத்தின் 'கொலவெறி' பாட்டு வந்தது. அனிருத்துக்கு அதுதான் முதல் படம். பாட்டு தமிழ்நாட்டைத் தாண்டி, இந்தியாவைத் தாண்டி, தமிழே தெரியாதவர்கள் வாயிலும் ஓடியது. எந்த விளம்பர நிறுவனத்துக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஹைப் அது. 2012 மார்ச் 30-ம் தேதி படம் வந்தது. 'சூப் சாங்' ஜாலியில் உள்ளே போனவர்கள், மனநல பாதிப்பில் சிதையும் ஓர் இளைஞனின் கதையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் படம் ஓடவில்லை. பாட்டு படத்தை மறைத்துவிட்டது என்று இயக்குநரே பின்னாளில் பேசியிருக்கிறார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை, 2022 செப்டம்பரில் திரும்ப ஆரம்பித்தது. தெலுங்கில் ரீ-ரிலீஸ் ஆனபோது தியேட்டர்கள் நிறைந்தன. பிறகு தமிழிலும் கூட்டம் வந்தது. முதல் ரிலீஸில் எட்டாவது, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பசங்க, இப்போது சம்பாதித்து, ஒரு பிரேக்-அப்பையும் பார்த்துவிட்டு, அதே பாடல்களைத் தியேட்டரில் சேர்ந்து பாட வந்தார்கள். படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. 2012-ல் ஹைப் இருந்தும் ஓடவில்லை, 2022-ல் ஹைப் இல்லாமலே ஓடியது. அப்படியானால் படம் நல்ல படமா இல்லையா? வசூல் இந்தக் கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறது, இரண்டும் வேற வேற பதில்.

வெள்ளி, சனி, ஞாயிறு யாருடையது?

'பிளாக்பஸ்டர்' என்பதே முதலில் சினிமா வார்த்தை இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஒரு தெருவையே தரைமட்டமாக்கும் பெரிய வெடிகுண்டுகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர். அப்படியே ஹாலிவுட் விளம்பரத்துக்குத் தாவிவிட்டது. இன்றைக்கு நாம் பார்க்கும் பிளாக்பஸ்டர் வியாபாரத்தின் ஆரம்பமாக எல்லோரும் காட்டுவது 1975 ஜூனில் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்'. டி.வி-யில் தொடர் விளம்பரம், ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்கள். அதற்கு முன்பு பெரிய படங்கள் சில நகரங்களில் மட்டும் வந்து, பேச்சு பரவி, மெதுவாக ஊர் ஊராகப் போகும். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்'கூட முதலில் 32 தியேட்டர்களில்தான் தொடங்கியது.

'ஜாஸ்' காட்டிய வழியின் சூட்சுமம் இதுதான்: படம் எப்படி இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்வதற்குள் எவ்வளவு டிக்கெட் விற்க முடியுமோ விற்றுவிட வேண்டும். (சொல்லப்போனால் 'ஜாஸ்' நல்ல படம். கூட்டம் குறையாமல் அந்தக் கோடை முழுக்க ஓடியது.)

ஆக, முதல் மூன்று நாள் வசூல் படத்தின் வசூலே இல்லை. அது டிரெய்லரின், பாடல்களின், ஹீரோவின் போன படத்தின் வசூல். அட்வான்ஸ் புக்கிங் செய்தவர் யாரும் படத்தைப் பார்த்துவிட்டு புக் பண்ணவில்லை, இல்லையா? பெரிய ஹீரோ படம் வரும் வாரம் உங்கள் ஊர் மல்டிப்ளெக்ஸில் பெரும்பாலான ஸ்க்ரீன்களில் அதே படம்தான். வேறு படம் பார்க்கலாம் என்று போனாலும் காலை 11 மணிக்கு ஒரு ஷோ, இரவு 10.40-க்கு ஒரு ஷோ. அந்த 'ரெக்கார்டு ஓப்பனிங்'கில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியில்லாமை எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

திங்கட்கிழமைதான் படம் சொந்தக் காலில் நிற்க ஆரம்பிக்கிறது. ஆபீஸ், காலேஜ் எல்லாம் இருக்கும் நாளில் ஒருவர் தியேட்டருக்குப் போகிறார் என்றால், ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்த யாரோ அவரைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இதை எண்ணில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். 2016-ல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் அள்ளியது. இரண்டாவது வார இறுதியில் 69 சதவிகிதம் சரிவு. கடைசியில் அந்நாட்டு மொத்த வசூல் சுமார் 33 கோடி டாலர், அதாவது ஓப்பனிங்கைப் போல இரண்டு மடங்கு மட்டும். 1997 டிசம்பரில் வந்த 'டைட்டானிக்' முதல் வார இறுதியில் எடுத்தது 2.86 கோடி டாலர்தான். ஆனால் தொடர்ந்து 15 வார இறுதிகள் முதலிடம். அதன் மிகப்பெரிய ஒருநாள் வசூல், ரிலீஸாகி எட்டு வாரம் கழித்து 1998 காதலர் தினத்தன்று வந்தது. மொத்தம் 60 கோடி டாலர், ஓப்பனிங்கைப் போல 21 மடங்கு. இரண்டையும் ஒரே வார்த்தையில் 'பிளாக்பஸ்டர்' என்று கூப்பிடுவது கொஞ்சம் அநியாயம்தானே!

நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் வாய்மொழிதான் ராஜா. எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. 1999 டிசம்பரில் 'சேது'வை வாங்க ஆளே இல்லை. பகல் காட்சியாக ஒட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்த படம், பார்த்தவர்கள் பேசியே 100 நாள் படமானது. விக்ரம் என்ற நட்சத்திரம் உருவானது. (நாள் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். 'சந்திரமுகி' சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. படம் பெரிய ஹிட் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தைத் தயாரித்த சிவாஜி குடும்பத்தின் தியேட்டர்தான் சாந்தி.)

இன்றைக்கு 'சேது' மாதிரி மெதுவாக ஏற ஒரு படத்துக்கு நேரமே கிடையாது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓ.டி.டி-க்கு வந்துவிடுகின்றன. மூன்றாவது வாரம் உங்கள் ஃப்ரெண்ட் 'செம படம்டா' என்று சொன்னால், 'அடுத்த வாரம் வீட்லயே பார்த்துக்கலாம்' என்பதுதான் உங்கள் பதில். அப்படி இருந்தும் 2022-ல் 'லவ் டுடே', 2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' எல்லாம் பேச்சாலேயே ஏறின. இவற்றின் வெற்றியை நான் தரத்தின் கணக்கில் எழுதத் தயங்கமாட்டேன்.

ஞாபகத்துக்கும் ஒரு டிக்கெட்

2024 ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள் 'கில்லி' ரீ-ரிலீஸ். விரல் மையோடு தியேட்டருக்குப் போன கூட்டம் 'அப்படிப் போடு'வுக்கு ஸ்க்ரீனுக்கு முன்னால் ஏறி ஆடியது. அந்தக் கோடையில் பெரிய தமிழ்ப் படம் எதுவும் இல்லை. இரண்டு மாதம் முன்புதான் விஜய் கட்சி தொடங்கி, சினிமாவை விடப்போவதாகச் சொல்லியிருந்தார். இனி தியேட்டரில் எத்தனை முறை அவரைப் பார்க்கப்போகிறோம் என்ற ஏக்கமும் அந்த டிக்கெட்டில் இருந்தது.

ஆடியவர்களில் பாதிப் பேருக்கு 2004-ல் நடக்கவே தெரிந்திருக்காது என்பதுதான் சுவாரஸ்யம். அவர்கள் தியேட்டரில் பார்த்த ஞாபகத்துக்காக வரவில்லை. விடுமுறை நாளில், சோற்றுத் தட்டோடு, டி.வி-யில் முப்பதாவது முறையாகப் பார்த்த ஞாபகத்துக்காக வந்தார்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மனிதர்களுக்குப் பிற்காலத்தில் அழுத்தமாக நினைவில் நிற்கின்றன என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ரீ-ரிலீஸ் வியாபாரம் மொத்தமும் அந்த இருபது வருடத்தைக் குறிவைத்துத்தான் நடக்கிறது.

'அப்போ கில்லி வெறும் நோஸ்டால்ஜியாவா?' என்றால், இல்லை. ஞாபகத்தால் மட்டும் ஓட முடியுமென்றால் 'கில்லி'க்குப் பின்னால் வரிசைகட்டிய எல்லா ரீ-ரிலீஸும் ஓடியிருக்க வேண்டும். பல படங்கள் வந்த சுவடே தெரியாமல் போயின. தெலுங்கு 'ஒக்கடு'வை எடுத்து தரணி செய்த திரைக்கதையில், கபடி கிரவுண்டிலிருந்து விமான நிலையம் வரை எங்கேயும் மூச்சுவிட இடமில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. நோஸ்டால்ஜியா உங்களைத் தியேட்டர் வாசல் வரைக்கும் கூட்டிவரும். உள்ளே இரண்டரை மணி நேரம் உட்காரவைப்பது அதன் வேலை இல்லை.

இதற்கு இன்னொரு சாட்சி சீக்குவல்கள். 1986-ல் வந்த 'டாப் கன்' 36 வருடம் கழித்து 2022-ல் இரண்டாம் பாகத்தோடு வந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதிக்குப் பிறகு சரிவு 29 சதவிகிதம்தான், மாதக்கணக்கில் ஓடியது. 1996-ல் வந்த 'இந்தியன்' 28 வருடம் கழித்து 2024 ஜூலை 12-ல் இரண்டாம் பாகத்தோடு வந்தது. சேனாபதி தாத்தா மீது நமக்கு இருந்த பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வந்த சில நாள்களிலேயே படத்தில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். ஆகஸ்ட் 9-ல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு 'குணா'வுடையது. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்து, வசூலில் பின்தங்கிய படம். கொடைக்கானல் குகைக்கு 'குணா குகை' என்று பெயர் நிலைத்தது; அந்தக் கடிதப் பாட்டு காதலிப்பவர்கள் எல்லோருக்கும் சொந்தமானது; படம் மட்டும் பிளாக்பஸ்டர் ஆகவே இல்லை. 33 வருடம் கழித்து, 2006-ல் அதே குகையில் நடந்த ஒரு நிஜ விபத்தை வைத்து மலையாளத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. தமிழ்நாட்டில் பெரிய விளம்பரம் இல்லை, நமக்குத் தெரிந்த பெரிய ஸ்டார் இல்லை. க்ளைமாக்ஸில் அந்தப் பாட்டு ஒலித்தபோது தியேட்டரே அழுதது. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாயைத் தாண்டி வசூலித்த முதல் மலையாளப் படம் அதுதான். குழிக்குள் விழுந்த நண்பனை விட்டுவிட்டு வரமாட்டோம் என்ற கதை நம்மைப் பிடித்திருக்காவிட்டால், பாட்டு மட்டும் என்ன செய்திருக்கும்? ஆனாலும் 'குணா' அன்றைக்குச் சம்பாதிக்காத பணத்தை வேறொரு படம் வட்டியோடு வாங்கிக்கொண்டது என்று எனக்குத் தோன்றும். 'லப்பர் பந்து'வில் விஜயகாந்தின் 'பொன்மன செல்வன்' பாட்டுக்கு விழுந்த விசிலும் இந்த வகைதான்.

லேட்டா வந்த கைதட்டல்

2003 பொங்கலுக்கு விக்ரமின் 'தூள்' பட்டையைக் கிளப்பியது. அதே பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றது. இன்றைக்கு அதைப் பார்க்காதவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறோம். ஆனால் இன்றைய ஸ்டேட்டஸ் எதுவும் அன்றைய தயாரிப்பாளரின் கணக்கில் ஏறாது. 2010-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தபோதும் குழப்பமான படம் என்று ஒதுக்கினோம். அதன் பிறகு அதே அளவில் அப்படியொரு கற்பனையை நம்பிப் பணம் போட இங்கே எத்தனை பேர் வந்தார்கள்? நல்ல படம் எப்படியும் ஜெயிக்கும் என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

கோடிக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. போஸ்டரில் இருப்பது பெரும்பாலும் 'கிராஸ்', அதாவது டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த மொத்தப் பணம். வரி போய், தியேட்டர் பங்கு போய், மிச்சம்தான் விநியோகஸ்தருக்கு. 300 கோடி கிராஸ் என்றால் 300 கோடி லாபம் இல்லை. அந்த கிராஸையும் இங்கே சரிபார்க்க வழியில்லை. தென்கொரியாவில் எத்தனை டிக்கெட் விற்றது என்பதை அரசுசார்ந்த திரைப்பட கவுன்சில் தினமும் பொதுவில் போடுகிறது. நம்மிடம் இருப்பது தயாரிப்பாளர் சொல்லும் எண்ணும், 'டிராக்கர்'கள் சொல்லும் எண்ணும்தான். போதாததற்கு டிக்கெட் விலை ஏற ஏற ரெக்கார்டு தானாக உடையும். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் உலகின் நம்பர் ஒன் இன்றைக்கும் 1939-ல் வந்த 'கான் வித் தி விண்ட்' என்றுதான் சொல்கிறார்கள்.

எனவே அடுத்த பெரிய படம் வரும்போது ஒன்று செய்து பாருங்கள். ஹீரோவின் வெறித்தனமான ரசிகர் என்றால் முதல் நாளே போங்கள். அந்தக் கத்தல், பேப்பர் மழை எல்லாம் திங்கட்கிழமை கிடைக்காது. அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. படத்துக்காக மட்டும் போவதாக இருந்தால், திங்கட்கிழமை மாலை 6.30 ஷோவை புக்கிங் ஆப்பில் திறந்து, எத்தனை சீட் நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். கவுன்டருக்கு என்று பிளாக் பண்ணிய வரிசைகள் சில இருக்கும், அதைக் கழித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பாதி ஹால் நிறைந்திருந்தால் செவ்வாய்க்கிழமை தைரியமாகப் போகலாம். பெரிய முகம் இல்லாத சின்ன படத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். அதற்கு திங்கட்கிழமை ஷோ இருக்குமா என்பதே சனிக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது.