ஓய்வு நேரம் யாருடையது? சுவீடன் கிராமங்களின் அனுபவம்

சனிக்கிழமை மாலை என்ன செய்யலாம்? பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு பெரிய கேள்வியே அல்ல. சினிமாவுக்குப் போகலாம், நண்பர் வீட்டுக்குப் போகலாம், ஒன்றுமே செய்யாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கலாம். எதுவானாலும் அது அவரவர் விருப்பம். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு, அதுவும் நகரத்தை விட்டு வெகுதூரத்தில் ஒரு கிராமத்தில் வாழ்பவருக்கு, இதே கேள்விக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் வேறு யாராவதுதான். கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா, வண்டி இருக்கிறதா, திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவருடைய ஆசை கணக்கில் வரும். பல சமயம் வராமலேயே போய்விடும்.

முதலில் மருத்துவம், பிறகு படிப்பு, பிறகு வேலை, இவையெல்லாம் முடிந்தபின் பணம் மிஞ்சினால் பொழுதுபோக்கு என்று நினைப்பது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம்தான். இந்த வரிசை சரிதானா என்று கேட்ட நாடுகளில் ஒன்று சுவீடன். அந்தக் கேள்வி எப்படி எழுந்தது, அதற்குக் கிடைத்த பதில் கிராமங்களை எட்டியதா என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

காப்பகங்களின் காலம்

சுவீடனில் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான முதல் இல்லத்தை 1866-ல் கோத்தன்பர்க் நகரில் எமானுவெல்லா கார்ல்பெக் என்ற பெண்மணி தொடங்கினார். அந்தக் குழந்தைகளுக்கும் கற்பிக்க முடியும் என்ற நம்பிக்கையில் தொடங்கப்பட்ட முயற்சி அது. ஆனால் 20-ம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. இல்லங்கள் பெருகிப் பெரிய காப்பகங்கள் ஆயின. கற்பிப்பதை விட, சமூகத்திலிருந்து பிரித்து வைப்பதே முக்கிய வேலையாகிப் போனது.

1934-லும் 1941-லும் கருத்தடைச் சட்டங்கள் வந்தன. இந்தச் சட்டங்கள் முடிவுக்கு வந்த 1975 வரை ஏறத்தாழ 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் அடக்கம். இவர்கள் காதலிக்கக் கூடாது, குடும்பம் நடத்தக் கூடாது என்று நினைத்த காலம் அது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போவதை அந்தக் காலம் எப்படிப் பார்த்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

லுண்ட் நகரில் இருந்த வீபெஹோல்ம் காப்பகத்தில் 1945 முதல் 1955 வரை நடந்த ஆராய்ச்சி இன்னொரு உதாரணம். இனிப்புக்கும் பல் சொத்தைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க, அங்கே இருந்தவர்களுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தயாரிக்கப்பட்ட டாஃபி மிட்டாய்கள் கொடுக்கப்பட்டன. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த ஆராய்ச்சியால் உலகத்துக்குப் பயன் கிடைத்தது உண்மை. ஆனால் எந்த மிட்டாயைச் சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்பதைக் கூட இன்னொருவர் முடிவு செய்த வாழ்க்கை அது என்பதும் உண்மை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட காப்பகங்கள் பலவும் ஊருக்கு வெளியே, மரங்களும் வயல்களும் சூழ்ந்த இடங்களில் இருந்தன. அதாவது அங்கே இருந்தவர்கள் கிராமப்புறத்தில் வாழ்ந்தார்கள், ஆனால் எந்தக் கிராமத்தையும் சேர்ந்தவர்களாக வாழவில்லை. பக்கத்து ஊர்க் கடை, தேவாலயம், கோடைகாலக் கொண்டாட்டம் எதுவும் அவர்களுடையது அல்ல. தூங்குவது, வேலை செய்வது, பொழுதைப் போக்குவது எல்லாம் ஒரே வளாகத்தில், ஒரே கூட்டத்தோடு, ஊழியர்களின் நேர அட்டவணைப்படி நடந்தன.

பெங்க்ட் நிர்யே சொன்னது

1952-ல் ஸ்டாக்ஹோமில் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1956-ல் அது தேசிய அமைப்பாக வளர்ந்தது. எஃப்.யு.பி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்த அமைப்பில் 1960-களில் முக்கியப் பொறுப்பு வகித்தவர் பெங்க்ட் நிர்யே. இவர் முன்பு செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஆஸ்திரியாவில் ஹங்கேரி அகதிகளின் முகாமில் பணியாற்றியவர். முகாம் வாழ்க்கையில் உணவும் கூரையும் கிடைத்தாலும், சொந்தமாக முடிவெடுக்க ஒன்றும் இல்லாதபோது மனிதர்கள் எப்படி ஒடுங்கிப் போகிறார்கள் என்பதை நேரில் கண்டவர்.

பக்கத்து நாடான டென்மார்க்கில் பாங்க்-மிக்கெல்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் 1959-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. இவர்களுடைய வாழ்க்கை முடிந்த அளவு மற்றவர்களின் வாழ்க்கையைப் போல இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தக் கருத்தை விரிவாக்கி 1969-ல் நிர்யே ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் கவனிக்கப்பட்டது.

அதில் அவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. ஒரு நாளுக்கு ஒரு போக்கு உண்டு, ஒரு வாரத்துக்கு உண்டு, ஒரு வருடத்துக்கு உண்டு என்றார். காலையில் எழுந்து உடுத்திக்கொண்டு வெளியே போக வேண்டும். வேலை ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில், பொழுதுபோக்கு இன்னோரிடத்தில் இருக்க வேண்டும். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். வருடத்தில் ஒருமுறையாவது விடுமுறைப் பயணம் வேண்டும். வயது வந்தவரைக் குழந்தையைப் போலச் சீக்கிரமே தூங்க வைக்கக் கூடாது. இப்படிச் சாதாரண விஷயங்களையே அவர் அடுக்கினார். இந்தப் பட்டியலில் ஓய்வு நேரம் கடைசியில் மிஞ்சும் ஒன்றாக வரவில்லை என்பதுதான் புதுமை. வேலைக்கும் வீட்டுக்கும் சமமாக அதுவும் நின்றது.

மால்மோ, 1970

ஆனாலும் நிர்யே சொன்னது மற்றவர்களுக்காக ஒருவர் பேசிய பேச்சுதான். அடுத்த கட்டம் 1970-ல் மால்மோ நகரில் நடந்தது. நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் அறிவுசார் குறைபாடு உள்ள சுமார் 50 இளைஞர்கள் பிரதிநிதிகளாக அங்கே கூடினார்கள். பெற்றோரோ ஊழியரோ இடையில் புகுந்து பேசாமல், அவர்களே விவாதித்து, அவர்களே கோரிக்கைகளை எழுதினார்கள்.

அவர்கள் விவாதித்த தலைப்புகளில் வேலை, வீடு, படிப்பு ஆகியவற்றோடு ஓய்வு நேரமும் விடுமுறையும் தனித்தனியாக இடம்பெற்றன. சிறு குழுக்களாகவே பொழுதைக் கழிக்க விரும்புவதாக அவர்கள் சொன்னார்கள். நடன மாலைகளில் 14 அல்லது 16 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எண்ணிக்கையைக் கூடக் குறிப்பிட்டார்கள். ஊருக்குள் பெரிய கூட்டமாக நடத்தி அழைத்துச் செல்லப்படுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது என்றார்கள். தங்களுக்கென்று ஒரு வீடு வேண்டும் என்றும், தாங்கள் தயார் என்று நினைக்கும்போது விரும்பியவரோடு சேர்ந்து வாழவும் திருமணம் செய்துகொள்ளவும் உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கூட்டமாக நடத்திச் செல்லும் விஷயம் யோசிக்கத்தக்கது. அழைத்துப் போகும் ஊழியர்களின் பார்வையில் அது நல்ல காரியம். 30 பேருக்கு ஒரே நாளில் ஊரைச் சுற்றிக் காட்டிவிடலாம். ஆனால் வரிசையில் நடப்பவருக்கு, தெருவே தன்னைத் திரும்பிப் பார்க்கும் அவமானம். ஓய்வு நேரம் கிடைத்தால் மட்டும் போதாது, அது எப்படிக் கிடைக்கிறது என்பதும் முக்கியம் என்று அந்த இளைஞர்கள் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

சட்டம் கொடுத்த ஆள்

அதன்பின் காப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியவற்றையும் 1999 முடிவதற்குள் மூடிவிட வேண்டும் என்று 1997-ல் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்கள் சிறு குழு வீடுகளுக்கும் சொந்த ஊர்களுக்கும் போனார்கள். பொறுப்பு மாவட்ட நிர்வாகத்திடமிருந்து அந்தந்த ஊரின் உள்ளாட்சிக்கு மாறியது.

1993-ல் நிறைவேறி 1994 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த எல்.எஸ்.எஸ். என்ற சட்டம் இதில் முக்கியமானது. இது பத்து வகை உதவிகளை உரிமையாக்கியது. மறுக்கப்பட்டால் நீதிமன்றம் போகலாம். அந்தப் பத்தில் இரண்டு உதவிகள் நேரடியாக ஓய்வு நேரத்தைப் பற்றியவை. ஒன்று, துணைக்கு வருபவர். சினிமாவுக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ நீச்சல் குளத்துக்கோ போகும்போது கூட வந்து உதவுபவர் இவர். மற்றொன்று, தொடர்பு நபர். இவர் ஊழியர் அல்ல, நண்பரைப் போன்றவர். அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ வாழும் சாதாரண மனிதர். சிறு தொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு அவ்வப்போது வந்து காபி குடிப்பார், மீன் பிடிக்கப் போவார், கால்பந்து பார்ப்பார். தன் நண்பரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிக்கை எழுதிக்கொடுக்கும் வேலை அவருக்குக் கிடையாது.

கிராமப்புறத்துக்கு இந்த யோசனை ஏன் பொருந்தியது? சுவீடனின் வடக்கே ஆர்யெப்லோக் என்ற உள்ளாட்சிப் பகுதி இருக்கிறது. அதன் பரப்பு 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ தமிழ்நாட்டின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. அங்கே வாழ்பவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் சிறப்புப் பொழுதுபோக்கு மையம் என்று ஒரு கட்டடம் கட்டினால் யார் எவ்வளவு தூரத்திலிருந்து வருவார்கள்? ஆனால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் விஷயங்களுக்குக் கூட்டிப்போக ஒரு மனிதர் கிடைத்தால் புதுக் கட்டடம் தேவையில்லை. ஏரி இருக்கிறது, காடு இருக்கிறது. சுவீடன் கிராமங்களில் ஊர் மக்களே நடத்தும் சமூகக் கூடங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. சிறு குழுவாகக் கூடிப் படிக்கும் கல்வி வட்டங்கள் அந்த நாட்டின் பழைய வழக்கம். பொதுப் பேருந்தில் போக முடியாதவர்களுக்கு உள்ளாட்சி ஏற்பாடு செய்யும் கார் சேவையும் உண்டு.

வீட்டிலேயே கழிக்கும் மாலைக்கும் வழி செய்தார்கள். எளிய சுவீடிஷ் மொழியில் எழுதப்பட்ட புத்தகங்கள் 1968 முதல் வெளிவருகின்றன. எளிய மொழிச் செய்தித்தாளான 'எட்டுப் பக்கங்கள்' 1984-ல் தொடங்கியது. எந்தக் கிராமத்துக்கும் தபாலில் போய்ச் சேரக்கூடிய பொழுதுபோக்கு இது.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஹூடிக்ஸ்வால் என்ற சிறு நகரத்தில் 1996-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே பேர் யோஹான்சன் என்பவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு சேர்ந்து ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். கிளாடா ஹூடிக் நாடகக் குழு என்ற பெயரில் அது நாடு முழுவதும் புகழ் பெற்றது. அதன் கதையை ஒட்டி 2011-ல் ஒரு திரைப்படமும் வந்தது. தலைநகரத்திலிருந்து கிராமத்துக்கு இறங்கி வந்த திட்டம் அல்ல இது. சிறிய ஊரிலிருந்து கிளம்பி, பெரிய ஊர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த கலை.

தீராத குறைகள்

இதையெல்லாம் படித்துவிட்டு சுவீடனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் தவறு. உதவியே ஒரு மனிதராக இருக்கும்போது, அந்த மனிதர் ஊரை விட்டுப் போனால் உதவியும் போய்விடும். பெரிய நகரத்தில் மாற்று ஆள் கிடைப்பது எளிது. 200 பேர் வாழும் ஊரில் அது எளிதல்ல. சட்டப்படி தொடர்பு நபர் உண்டு என்று ஆணை வந்தும், ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கார் சேவையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். திடீரென்று தோன்றும் ஆசைக்கு அதில் இடமில்லை. உள்ளாட்சியின் நிதி குறையும்போது துணைக்கு வருபவரின் மணிநேரங்களும் குறைகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய ஊரில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பத்துப் பேர் இருந்தால், செலவை மிச்சம் பிடிக்க அந்தப் பத்துப் பேரையும் ஒரே வேனில் ஏற்றி ஒரே நிகழ்ச்சிக்கு அனுப்பிவிடுவது சுலபம். ஒருவருக்குப் பாட்டு பிடிக்கும், இன்னொருவருக்கு மீன்பிடித்தல் பிடிக்கும் என்பது மறந்துபோகும். 1970-ல் மால்மோவில் எதை வேண்டாம் என்றார்களோ அது வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. காப்பகச் சுவர் இல்லை, ஆனால் கூட்டம் அப்படியே இருக்கிறது.

முடிவாக

ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு, பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. இந்தியா அதை 2007-லும் சுவீடன் 2008-லும் உறுதி செய்தன. இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் 29-வது பிரிவு இருக்கிறது. சட்டத்தின் வாசகம் இரண்டு நாடுகளிலும் இருக்கிறது.

ஆனால் சட்டத்தின் வாசகம் ஒரு கிராமத்து வாசலை எட்டுவதற்கு நடுவில் என்ன வேண்டும் என்பதைத்தான் சுவீடனின் அனுபவம் காட்டுகிறது. கூட வர ஓர் ஆள், போய்வர ஒரு வண்டி, ஊர் கூடும் இடத்தில் ஓர் இடம். இவை மூன்றும் பெரிய செலவு பிடிக்கும் விஷயங்கள் அல்ல. இவற்றுக்கெல்லாம் முன்பு வேண்டியது இன்னொன்று. "இந்தச் சனிக்கிழமை என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேட்பது. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது.