செய்தி வரிசை வழங்கிகளில் வளப் பற்றாக்குறை (யூனிக்ஸ்)

யூனிக்ஸ் கணினியில் இயங்கும் செய்தி வரிசை வழங்கி, தனக்குரிய நினைவகம், கோப்பு விவரிப்பி, செமஃபோர், வட்டு இடம் ஆகியவற்றின் வரம்பை எட்டிப் புதிய இணைப்பையோ செய்தியையோ ஏற்க இயலாமற்போகும் நிலை.

வகைகள்: கெர்னல் வரம்பு, செயல்முறை வரம்பு, வழங்கியின் உள்வரம்பு என மூன்று. கெர்னல் வரம்புக்கு எடுத்துக்காட்டாக, லினக்ஸில் சிஸ்டம் V (யூனிக்ஸின் ஒரு பதிப்பு) வகைச் செய்தி ஒன்றின் இயல்பான உச்ச அளவு 8,192 பைட். வரிசை ஒன்றுக்கு 16,384 பைட்.

காரணங்கள்: பெறும் நிரல் பின்தங்குதல், இணைப்புகளை மூடாது விடுதல், முறிந்த செயல்முறைகளின் செமஃபோர்களும் பகிர்நினைவகமும் நீக்கப்படாது தங்குதல்.

கண்டறிதல்: ‘ஐபிசிஎஸ்’ கட்டளை கெர்னல் வளங்களையும், ‘யூலிமிட்’ செயல்முறை வரம்புகளையும், ‘எல்எஸ்ஓஎஃப்’ திறந்துள்ள கோப்புகளையும் காட்டும். வட்டில் இடமிருந்தும் ‘இடமில்லை’ எனப் பொருள்படும் பிழை தோன்றினால், அது செமஃபோர் அல்லது வரிசை எண்ணிக்கை வரம்பைக் குறிக்கலாம்.

தீர்வு: மூடாத இணைப்பு போன்ற வளக் கசிவை அடைத்த பின்னரே வரம்பு உயர்த்தப்படும். முறிந்த செயல்முறைகள் விட்டுச்சென்ற வளங்களை ‘ஐபிசிஆர்எம்’ கட்டளை நீக்கும்.

வரலாறு: சிஸ்டம் V 1983இல் வெளியானது. செய்தி வரிசை மென்பொருள்களான ஐபிஎம் நிறுவனத்தின் எம்க்யூசீரீஸ் 1993இலும், ராபிட்எம்க்யூ 2007இலும் வந்தன. செய்திப் பரிமாற்ற மென்பொருள் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான விவேக் ரணதிவே 1997இல் டிப்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்.