ஒரு ஊசி, எத்தனை கை?

எகிப்து என்றதும் உங்களுக்கு பிரமிடும் மம்மியும் ஞாபகம் வரும். எனக்கு இப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான் ஞாபகம் வருது. ஏன்னு சொல்றேன்.

பில்ஹார்ஸியா என்று ஒரு புழு நோய். நத்தைக்குள் வளர்ந்து, தண்ணீரில் இறங்குபவனின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நைல் கரை விவசாயிக்கு தண்ணீரில் இறங்காமல் பிழைப்பு ஏது? 1910-ல் மம்மிகளின் சிறுநீரகத்திலேயே இந்தப் புழுவின் முட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பழைய வியாதி. அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ் என்ற மாபெரும் அரபுப் பாடகர் (அந்த ஊர் ஆட்கள் இன்றைக்கும் உருகுவார்கள்) 1977-ல் 47 வயதில் போய்ச் சேர்ந்ததும் சின்ன வயதில் ஒட்டிய இதே நோயால்தான்.

இந்தப் புழுவைக் கொல்ல ஆன்டிமனி உப்பை நரம்பில் ஏற்றினார்கள். 1950-களில் இருந்து 80-களின் தொடக்கம் வரை அரசே ஊர் ஊராய் முகாம் போட்டது. ஒரு தடவை போட்டால் முடியாது, ஆளுக்கு ஒரு டஜன் ஊசி வேண்டும். இருப்பதோ கொஞ்சம் கண்ணாடி சிரிஞ்சு, வாசலில் நீளமான வரிசை. சரியாக் கொதிக்க வைக்காம அடுத்த கைக்குப் போயிடுச்சு. புழு செத்தது. கூடவே இன்னொன்று ரத்தத்தில் ஏறியது.

அந்த இன்னொன்றுக்கு அப்போ பேரே கிடையாது. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்றுதான் அந்த மஞ்சள் காமாலையைச் சொல்லி வந்தார்கள். மைக்கேல் ஹௌட்டன் குழு ஹெபடைடிஸ் சி வைரஸைப் பிடித்தது 1989-ல். நோபல் வந்தது 2020-ல்.

அப்படின்னா யாரையும் குறை சொல்ல முடியாதே என்பீர்கள். எனக்கு ஒப்பவில்லை. வைரஸ்தான் தெரியாது. சிரிஞ்சு வழியா காமாலை பரவும் என்று 1940-களிலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதி எச்சரித்தாச்சு. முகாமில் ஊசி போட்ட நர்ஸை நான் சொல்லவில்லை. கொதிக்க வைக்க நேரமும், கூடுதல் சிரிஞ்சும் கொடுக்காமல் கணக்கு மட்டும் கேட்டவர்களைச் சொல்கிறேன்.

2008-ல் நடந்த சர்வேயில் 15 முதல் 59 வயதுக்காரர்களில் 100-க்கு சுமார் 15 பேர் ரத்தத்தில் இந்த வைரஸின் சுவடு இருந்தது.

இதில் என்னை அசரவைத்த விஷயம் வேறு. இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது ஏகப்பட்ட எழுத்துப்பிழை விடும், திருத்தவும் திருத்தாது. இரண்டு நோயாளிகளின் வைரஸை எடுத்து எத்தனை பிழை வித்தியாசம் என்று எண்ணினால், இரண்டும் எப்போது பிரிந்தன என்று கணக்கிடலாம். 2003-ல் எகிப்திய வைரஸ்களை இப்படி எண்ணிப் பார்த்தார்கள். ஊசி வைத்தியம் ஓங்கிய காலத்தில்தான் கிடுகிடுவெனப் பெருகியிருந்தது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் தொலையலாம், வைரஸ் எழுதின கணக்கு தொலையவில்லை!

பிழை சேர்ந்து சேர்ந்து இன்று எட்டு வகை. எட்டாவது 2018-ல் கனடாவில், பஞ்சாபிலிருந்து போனவர்களிடம் கிடைத்தது. அமெரிக்காவில் அதிகம் 1. நம் நாட்டில் 3. எகிப்தில் 4. முன்பெல்லாம் இந்த நம்பரை வைத்துத்தான் வைத்தியமே. இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் 2, 3-க்கு 24 வாரம். 1, 4-க்கு 48 வாரம். காய்ச்சல், மனச்சோர்வு எல்லாம் இலவச இணைப்பு. 2011-ல் நேரடியாக வைரஸைத் தாக்கும் புது மாத்திரைகள் வந்தன. ஆனா வகை 1-க்கு மட்டும்தான் அனுமதி. காசு இருக்கிற ஊர் வைரஸுக்குத்தான் முதல் மருந்து, வேறென்ன?

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. நகலெடுக்கும் இயந்திரத்தையே முடக்கும் மருந்து. அந்த இடம் வகைக்கு வகை பெரிதாக மாறாததால் 4-க்கும் வேலை செய்தது. அங்கே 12 வாரத்துக்கு 84,000 டாலர்! எகிப்து பேரம் பேசி 2014-ல் 900 டாலருக்கு வாங்கியது. பிறகு உள்ளூரிலேயே தயாரித்து இன்னும் இறக்கினார்கள். (மருந்தை உருவாக்கிய கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான ரேமண்ட் ஷினாசி பிறந்தது எங்கே தெரியுமா? அலெக்சாண்டிரியா!) 2018 அக்டோபர் முதல் ஏழே மாதத்தில் சுமார் 5 கோடி பேருக்கு ரத்தப் பரிசோதனை, நோய் இருந்தவர்களுக்கு இலவச மருந்து. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது.

தடுப்பூசி மட்டும் இன்னும் இல்லை. இத்தனை வேஷம் போடுகிற வைரஸுக்கு எந்த முகத்தைக் காட்டி உடம்பைப் பழக்குவது? குணமானவருக்கும் திரும்ப ஒட்டலாம், பழைய எதிர்ப்புச் சக்தியை நம்ப முடியாது.