நன்னம்பிக்கை முனையின் பெங்குவின்கள்

1967ஆம் ஆண்டுப் போரினால் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது; எண்ணெய்க் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. அவற்றினின்று கசிந்த எண்ணெய் அக்கரையோரப் பெங்குவின்களுக்குக் கூற்றாயிற்று. 1968இல் அல்தியா வெஸ்ட்பால் என்னும் பெண்மணி அப்பறவைகளைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணத் தொடங்கினார். ‘சான்காப்’ என்னும் கடற்பறவைக் காப்பகம் இவ்வாறு பிறந்தது.

எண்ணெய் இறகுகளின் பின்னலைக் குலைத்துவிடும். குளிர்நீர் தோலைத் தீண்டும். பறவை கரையேறிப் பட்டினி கிடக்கும். அதனை உடனே கழுவ முற்படுவது பேதைமை. வெம்மையும் நீரும் உணவும் தந்து தேற்றிய பின்னரே சோப்பு நீரால் கழுவுவர். இறகில் நீர் ஒட்டாத தன்மை மீளும்வரை கடலில் விடுவதில்லை.

2000ஆம் ஆண்டு ஜூன் 23இல் ‘டிரெஷர்’ என்னும் சரக்குக் கப்பல் ரோபென், டாசன் தீவுகளுக்கிடையே மூழ்கியது. எண்ணெய் படிந்து மீட்கப்பட்ட பெங்குவின்கள் மட்டும் ஏறத்தாழ 19,000. அவற்றுள் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. எண்ணெய் படாத ஏறத்தாழ 19,500 பறவைகளை என் செய்வது? அன்று போர்ட் எலிசபெத் எனப்பட்ட நகருக்கருகே, ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்கு அப்பால், லாரிகளில் கொண்டுசென்று கடலில் விட்டனர். அவை நீந்தித் தம் தீவு மீள்வதற்குள் கடலைத் துப்புரவாக்கலாம் என்பது கணக்கு. மனிதனின் அவசரத்திற்குப் பறவையின் ஊர்ப்பற்றே கைகொடுத்தது எனலாம்.

பெற்றோரை இழந்த குஞ்சுகளோ ஆயிரக்கணக்கானவை. அவற்றுக்கு மனிதர் கைகளே மீன் ஊட்டின. இவ்வாறு வளர்ந்தவை தாமே இரைதேடுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவை இயற்கையில் வளர்ந்தவற்றுக்கு ஈடாகப் பிழைத்ததைப் பின்னைய ஆய்வு காட்டியது.

மத்தியும் நெத்திலியும் அருகிவிட்டமையால், 2024இல் இவ்வினம் அழிவின் விளிம்பிலுள்ளவற்றுள் சேர்க்கப்பட்டது. இறகுதிர்க்கும் பெற்றோர் கைவிட்ட குஞ்சுகள் இன்றும் காப்பகத்திற்கு வருகின்றன.