விஜய் ஐயர்

விஜய் ஐயர் (பிறப்பு: 26 அக்டோபர் 1971) ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். கறுப்பின மக்கள் உருவாக்கிய ஒரு கலையை அதன் மூத்தவர்களிடமே பயின்று, தென்னிந்தியத் தாளக் கணக்கின் சிந்தனையை அதற்குள் கொண்டுசேர்த்தவர் என்பதே இசை வரலாற்றில் இவருக்கு உரிய இடம்.

இந்தியாவிலிருந்து குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரை ஒட்டிய பகுதியில். மூன்று வயதில் மேற்கத்திய முறையில் வயலின் பயிலத் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்தார். பியானோவுக்கு ஆசிரியர் கிடையாது. வீட்டில் சகோதரிக்காக இருந்த பியானோவில், காதில் விழுந்ததை வாசித்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். டியூக் எலிங்டன், தெலோனியஸ் மங்க், ஆண்ட்ரூ ஹில் ஆகிய கறுப்பினப் பியானோ மேதைகளின் தடம் இவருடைய வாசிப்பில் இன்றும் தெளிவாகக் கேட்கும்.

யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து 1992இல் பட்டம் பெற்றபின், இயற்பியல் ஆய்வுக்காகக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பகலில் இயற்பியல், இரவில் அருகிலிருந்த ஓக்லாந்து நகரத்தின் இசை விடுதிகள் என்று சில காலம் சென்றது. அங்கே மூத்த கறுப்பினக் கலைஞர்களோடு மேடையேறிய அனுபவம் இவரை இசைப் பக்கம் முழுதாகத் திருப்பியது. சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் 1990களின் நடுவில் இவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். டிராம்போன் கலைஞரும் இசையறிஞருமான ஜார்ஜ் லூயிஸும் இவருக்கு வழிகாட்டியானார். முதல் ஆல்பமான ‘மெமரோஃபிலியா’ 1995இல் வெளிவந்தது. ஆசிய வம்சாவளி அமெரிக்க இசைக்கலைஞர்கள் தங்களுக்கென நடத்திய ஏஷியன் இம்ப்ராவ் நிறுவனம் அதை வெளியிட்டது.

இயற்பியலைக் கைவிட்டாலும் ஆய்வை இவர் கைவிடவில்லை. இசை, தொழில்நுட்பம், அறிதிறன் அறிவியல் ஆகிய மூன்றையும் இணைத்து எழுதிய ஆய்வேட்டுக்கு 1998இல் பெர்க்லி முனைவர் பட்டம் அளித்தது. மேற்கு ஆப்பிரிக்க இசையும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையும் அதன் களம். இசையை நாம் உணர்வது மூளையால் மட்டுமன்று, நடக்கும் கால், மூச்சு விடும் மார்பு, தட்டும் கை ஆகிய உடலின் அசைவுகளாலும்தான் என்பது அதன் மையக் கருத்து. டிரம்ஸில் ஓர் அடி மில்லி விநாடிக் கணக்கில் பிந்தி விழுந்தாலும் கேட்பவர் அதை உடலால் உணர்கிறார். அந்த நுண்ணிய பிந்தலே தாளத்துக்கு உயிர் தருகிறது. காலப்பிரமாணத்தையும் சுகத்தையும் பிரிக்காமல் பேசும் நம் மிருதங்க வித்வான்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அதை அளந்து காட்டிய விதத்தில்தான் ஆய்வின் மதிப்பு இருக்கிறது.

தமிழ்ப் பின்புலம் இவருடைய இசையில் எங்கே நிற்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் வயலின் 19ஆம் நூற்றாண்டில் திருவாரூர் பாலுஸ்வாமி தீட்சிதர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு போன்றோர் கைகளில் கர்நாடக இசைக்கருவியாகவே ஆகிவிட்டது. பியானோ அப்படி ஆகவில்லை. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் சுருதி நிலையானது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவோ அசைக்கவோ முடியாது, ஆகவே கமகம் வராது. ராகத்தைப் பியானோவில் போலிசெய்யும் முயற்சியில் ஐயர் இறங்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டது லயத்தை. ஐந்து, ஏழு, ஒன்பது என்று சமமற்ற எண்ணிக்கைகளை அடுக்குவது, ஒரே தாளத்துக்குள் நடையை மாற்றுவது, கோர்வையைப் போலச் சுற்றி வந்து சரியான இடத்தில் இறங்குவது ஆகியவை இவருடைய ஆக்கங்களின் எலும்புக்கூடாக அமைந்தன. கேட்பவர் விரல்விட்டு எண்ணவேண்டிய கட்டாயம் இல்லை. உடல் தானே ஆடும்படி அந்தக் கணக்கு மறைந்து நிற்கும்.

1998 முதல் நியூயார்க் நகரம் இவருடைய களமாயிற்று. கன்னட வம்சாவளி சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் பல ஆண்டுகள் நீடித்த கூட்டு இந்தக் காலத்தில் வலுப்பெற்றது. ‘பனாப்டிக் மோட்ஸ்’ (2001), ‘பிளட் சூத்ரா’ (2003), இருவர் மட்டும் வாசித்த ‘ரா மெட்டீரியல்ஸ்’ (2006) ஆகியவை அதன் பலன்கள்.

கவிஞரும் ராப் கலைஞருமான மைக் லாட் உடன் சேர்ந்து இவர் ஆக்கிய ‘இன் வாட் லாங்குவேஜ்?’ (2003) தனியே குறிப்பிடத்தக்கது. ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாபர் பனாஹி 2001இல் விமானம் மாறுவதற்காக நியூயார்க்கில் இறங்கியபோது தடுத்து வைக்கப்பட்டார். கைரேகை கொடுக்க மறுத்ததால் சங்கிலியிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். தான் குற்றவாளி அல்ல என்று சக பயணிகளிடம் எந்த மொழியில் சொல்வது என்ற அவருடைய தவிப்பிலிருந்து ஆக்கத்தின் பெயர் பிறந்தது. விமான நிலையத்தில் சோதனைக்கு நிற்கும், அங்கேயே வேலை பார்க்கும் பழுப்பு நிற மனிதர்களின் குரல்கள் அதில் கவிதையாகவும் இசையாகவும் வருகின்றன. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் வாசகருக்கு அந்தக் குரல்கள் அந்நியமானவை அல்ல. பின்னர் ‘ஸ்டில் லைஃப் வித் காமென்டேட்டர்’ (2007), ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய வீரர்களின் கனவுகளைக் கொண்ட ‘ஹோல்டிங் இட் டவுன்’ (2013) ஆகியவற்றையும் இந்த இருவர் உருவாக்கினர்.

இவரை உலகெங்கும் அறியச் செய்தது மூவர் குழு. டபுள் பாஸில் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸில் மார்கஸ் கில்மோர். ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘ஹிஸ்டாரிசிட்டி’ கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிறருடைய பாடல்களைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுவது அதன் முறை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாடலை மின்கருவி எதுவுமின்றி மூவரும் கைகளாலேயே இயந்திர வேகத்தில் வாசித்தனர். ‘மிஸ்டிக் புரூ’ என்ற பழைய பாடலில் 3, 5, 8, 13 என்று விரியும் ஃபிபோனாச்சி எண்களின் விகிதத்தில் அடிகளைப் பங்கிட்டார் ஐயர். ஒன்றுக்கொன்று சமமாக இல்லாத இரு பகுதிகளின் விகிதம் மாறாததுபோல் தோன்ற, வேகம் மட்டும் கூடியும் குறைந்தும் செல்லும். இதே எண் வரிசையை ஃபிபோனாச்சிக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், யாப்பின் மாத்திரைகளை எண்ணும்போது ஹேமச்சந்திரர் எழுதிவைத்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அடுத்து வந்த ‘ஆக்சலராண்டோ’ (2012) நடனத்துக்கான தாளத்தை மையமாகக் கொண்டது. எலிங்டனின் ஆக்கமும் மைக்கேல் ஜாக்சன் பாடிய ‘ஹியூமன் நேச்சர்’ பாடலும் அதில் ஒருங்கே இடம்பெற்றன. அந்த ஆண்டு ‘டவுன்பீட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஐந்து பிரிவுகளில் இவர் முதலிடம் பெற்றார். 2013இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

நேரடியாக இந்திய இசையோடு உரையாடிய ஆல்பம் ‘தீர்த்தா’ (2011). ராணிப்பேட்டையில் பிறந்து கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும், தபலா கலைஞர் நிதின் மித்தாவும் உடன் வாசித்தனர். கிதாரின் கமகம் பியானோவால் இயலாததை நிரப்ப, பியானோ கீழே சுர அடுக்குகளை விரிக்கிறது. இரு மரபுகளை ஒட்டவைத்த தையல் எங்கும் தெரியாத தொகுப்பு இது. தமிழ் இசை ரசிகர் ஐயரைக் கேட்கத் தொடங்க இதுவே நல்ல வாசல்.

2014 முதல் ஐயர் ஹார்வர்டில் இசைத் துறையிலும் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுத் துறையிலும் பேராசிரியர். இசை படைப்போரே இசை ஆய்வும் செய்யும் முனைவர் பட்டத் திட்டம் ஒன்றை அங்கே வளர்த்தார். உமையாள்புரம் கே. சிவராமனின் மாணவியும் மிருதங்கக் கலைஞருமான ராஜ்னா சுவாமிநாதன் அத்திட்டத்தில் பட்டம் பெற்றவர். தஞ்சை மாவட்டத்தின் மிருதங்க வழி ஒன்று அவ்வகையில் ஐயரின் வகுப்பறைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆசிய அமெரிக்கர்களின் வெற்றியைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுப்புபவர் ஐயர். கறுப்பின மக்களின் போராட்டத்தால் திறந்த கதவுகள் வழியே வந்தவர்கள் அக்கடனை மறந்து அதிகாரத்தோடு ஒத்துப்போகலாகாது என்று யேலில் 2014இல் ஆற்றிய உரை பரவலாகப் படிக்கப்பட்டது.

அதே ஆண்டு, ஆல்பங்களை வெளியிட ஆக்ட் நிறுவனத்திலிருந்து இசிஎம் நிறுவனத்துக்கு மாறினார். நரம்பிசை நால்வர் குழுவுக்காக எழுதிய ‘மியூட்டேஷன்ஸ்’ (2014), ‘பிரேக் ஸ்டஃப்’ (2015), அறுவர் குழுவின் ‘ஃபார் ஃப்ரம் ஓவர்’ (2017) ஆகியவை அங்கே வந்தன. மதுராவின் ஹோலியைப் படமாக்கிய பிரசாந்த் பார்கவாவின் ‘ராதே ராதே’ படத்துக்கும் இசையமைத்தார். டிரம்பெட் மேதை வடாடா லியோ ஸ்மித்துடன் வாசித்த ‘எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்’ (2016) இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களிலிருந்து பிறந்தது. 2017இல் கலிபோர்னியாவின் ஓஹாய் இசை விழாவை இயக்கிய ஐயர், வயலின் கலைஞர் ஜெனிஃபர் கோவுக்காக எழுதிய ‘டிரபிள்’ கான்செர்ட்டோவை அவ்விழாவில் அரங்கேற்றினார்.

லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி ஆகியோருடன் அமைந்த புதிய மூவர் குழு ‘அன்ஈஸி’ (2021), ‘கம்பாஷன்’ (2024) ஆகிய ஆல்பங்களை வெளியிட்டது. பாகிஸ்தானிய வம்சாவளிப் பாடகி அரூஜ் அஃப்தாப், இசைக்கலைஞர் ஷஹ்ஸாத் இஸ்மாயிலி ஆகியோருடன் ஐயர் சேர்ந்து உருவாக்கிய ‘லவ் இன் எக்ஸைல்’ (2023) இரண்டு கிராமி பரிந்துரைகளைப் பெற்றது. ஸ்மித்துடன் மீண்டும் இணைந்த ‘டிஃபையன்ட் லைஃப்’ 2025இல் வெளிவந்தது.